இயற்பியல் கோட்பாடுகள் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன: வரைபடம் போடும் முறை

நியூட்டன் கீழே, ஐன்ஸ்டைன் மேலே, பக்கத்தில் குவாண்டம், உச்சியில் ஒரு கேள்விக்குறி, நடுவே கோடுகள். இந்த மாதிரிப் படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஏதாவது ஒரு கோட்டில் விரலை வைத்து "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டால்தான் சிக்கல். ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததா, ஒன்றை எளிமையாக்கினால் மற்றது கிடைக்கிறதா, ஒன்றைப் படிக்காமல் மற்றதைப் படிக்க முடியாதா? மூன்றும் வேறு வேறு சங்கதி. படம் மூன்றையும் ஒரே கோட்டால் காட்டிவிடுகிறது.

இங்கே சொல்லும் முறையில் கட்டாய விதி ஒன்றுதான்: வகைப் பெயரும் நிபந்தனையும் எழுதாத அம்பு தாளில் இருக்கக் கூடாது. நிபந்தனை என்றால் பெரும்பாலும் ஓர் எண். எண் எழுத வரவில்லை என்றால் அந்தச் சார்பு நமக்கு இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அங்கே நிறுத்திப் படிக்க வேண்டும்.

தேவையானவை: ஓர் ஏ3 தாள், பென்சில், நான்கு நிறப் பேனா, எக்செல் போன்ற ஒரு விரிதாள். கணினியில் வரைவது கடைசி வேலை. அதை முதலில் தொடங்கினால் பெட்டிகளை நகர்த்துவதிலேயே நேரம் போய்விடும்.

எந்தக் கேள்விக்கான வரைபடம்?

வரலாற்று வரிசை, படிப்பு வரிசை, தர்க்கச் சார்பு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் போடாதீர்கள். மீகடத்தலை, அதாவது மிகக் குளிர்ந்த சில பொருள்களில் மின்தடை மறைவதை, எடுத்துக்கொள்வோம். கின்ஸ்பர்க்–லாந்தாவ் கோட்பாடு 1950-இல் வந்தது. எலக்ட்ரான்கள் ஏன் இணை சேர்கின்றன என்பது பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரின் நுண்நிலைக் கோட்பாடு 1957-இல் வந்தது. நிலைமாறு வெப்பநிலைக்கு அருகில் இரண்டாவதிலிருந்து முதலாவது கிடைக்கிறது என்பதை 1959-இல் கோர்கோவ் காட்டினார். வரலாற்று அம்பு 1950-இலிருந்து 1957-க்குப் போகும். தர்க்க அம்பு நேர் எதிர்த் திசையில் போகும். இரண்டையும் ஒரே நிறத்தில் வரைந்தால் படிப்பவர் ஒன்றைப் பிழை என்று நினைத்து அடித்துவிடுவார்.

இந்த வழிகாட்டி தர்க்கச் சார்புக்கானது. ஒரு கோட்பாட்டைக் குறிக்கும் பெட்டியைக் கணு என்று சொல்கிறேன். ஆண்டு தேவைப்பட்டால் கணுவுக்குள் சிறியதாக எழுதிக்கொள்ளலாம்; அதற்கு அம்பு வேண்டாம்.

கணு எழுதுவது

பாடப்பெயர் கணு ஆகாது. "குவாண்டம் இயற்பியல்" என்று ஒரு பெட்டி போட்டால் அதிலிருந்து வெளியேறும் எந்த அம்புக்கும் நிபந்தனை எழுத முடியாது. ஷ்ரோடிங்கரின் 1926 சமன்பாட்டில் துகள்களின் எண்ணிக்கை மாறாது. ஒளியும் எலக்ட்ரானும் ஒன்றோடொன்று இடைவினை புரிவதைச் சொல்லும் குவாண்டம் மின்னியக்கவியலில் ஃபோட்டான்கள் என்ற ஒளித்துகள்கள் தோன்றும், மறையும். இரண்டிலும் "நிலை" என்ற சொல்லுக்கே பொருள் வேறு. ஆகவே அவை இரண்டு கணுக்கள்.

ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சிறு அட்டை வைத்து நான்கு வரி எழுதுங்கள். அமைப்பின் நிலையை எது விவரிக்கிறது? எந்த விதி அதை மாற்றுகிறது? எந்த எண்களை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்? எங்கே செல்லுபடியாகும்? நியூட்டனின் ஈர்ப்புக்கு எழுதினால் இப்படி வரும்: நிலை என்பது நிறைகளின் இடமும் திசைவேகமும், விதி எதிர்த்தகவு இருபடி விசை, வெளியிலிருந்து வருபவை ஈர்ப்பு மாறிலி 6.674 × 10⁻¹¹ என்ற மதிப்பும் ஒவ்வொரு நிறையும். செல்லுபடியாகும் இடம் வேகமும் ஈர்ப்பும் குறைவாக உள்ள இடம். கடைசி வரியில் "குறைவு" என்று விட்டுவிடாதீர்கள். எதை விடக் குறைவு என்று எழுதும்போதுதான் அம்பு பிறக்கிறது.

கணுக்களில் இரண்டு இனம் உண்டு. சிறப்புச் சார்பியல், குவாண்டம் இயந்திரவியல், குவாண்டம் புலக் கோட்பாடு, புள்ளியியல் இயந்திரவியல், வெப்ப இயக்கவியல் ஆகியவை சட்டகங்கள். உலகில் என்னென்ன விசைகள் உள்ளன என்று அவை சொல்வதில்லை. எந்த விசை இருந்தாலும் எப்படி நடக்க வேண்டும் என்றே சொல்கின்றன. மேக்ஸ்வெல் மின்காந்தவியல், பொதுச் சார்பியல், குவாண்டம் மின்னியக்கவியல், குவார்க்குகளைப் பிணைக்கும் விசைக்கான குவாண்டம் நிறவியக்கவியல், மின்காந்த விசையையும் வலுக்குறை விசையையும் இணைக்கும் மின்வலுக்குறை கோட்பாடு, மீகடத்தல் கோட்பாடு ஆகியவை குறிப்பிட்ட கோட்பாடுகள். சட்டகத்தைச் சதுரத்திலும் கோட்பாட்டை வட்டத்திலும் போடுங்கள். ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டங்கள் குவாண்டம் இயந்திரவியலிலிருந்து மட்டும் வந்துவிடாது. சதுரத்தோடு கூலும் விதியும் எலக்ட்ரான் நிறையும் சேர வேண்டும். இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் "குவாண்டத்திலிருந்து வேதியியல்" என்று ஒரு நீள அம்பு வரைந்துவிட்டு, இடையில் நுழைந்த பத்துத் தோராயங்களை மறந்துவிடுவோம்.

முதல் வரைபடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கணுக்கள் போதும். முப்பதைத் தாண்டினால் ஒரே தாளில் படிக்க முடியாது.

நான்கு வகை அம்பு

திசையை முதலில் முடிவு செய்து தாளின் மூலையில் எழுதிவிடுங்கள். இங்கே அம்பின் வால் அடிப்படையில் இருக்கும், தலை அதைச் சார்ந்ததில் இருக்கும்.

முதல் வகை எல்லை அம்பு. விரிந்த கோட்பாட்டில் ஒரு பரிமாணமற்ற எண் மிகச் சிறியதாகும்போது குறுகிய கோட்பாடு கிடைப்பதை இது காட்டும்.

இரண்டாவது உட்பொருள் அம்பு. ஒரு கோட்பாட்டை எழுதவே இன்னொன்று தேவை என்றால் இது. சிறப்புச் சார்பியல் இல்லாமல் குவாண்டம் மின்னியக்கவியலை எழுத முடியாது. இந்த அம்பின் மேல் எண்ணுக்குப் பதிலாக, எந்தச் சமன்பாட்டின் எந்த உறுப்பு கடன் வாங்கப்பட்டது என்று எழுத வேண்டும்.

மூன்றாவது எண் அம்பு. மேல்கோட்பாடு கீழ்க்கோட்பாட்டுக்கு ஒரு மாறிலியின் மதிப்பைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. வாயுவின் பாகுநிலை எண்ணை இயக்கவியற் கொள்கை தருவது இதற்கு எளிய உதாரணம்.

நான்காவது சான்று அம்பு. ஒரு கோட்பாட்டைச் சோதிக்கும் கருவி எந்தக் கோட்பாட்டின் மேல் நிற்கிறது என்பதைக் காட்டும். கேலக்ஸிகள் எனப்படும் விண்மீன் திரள்கள் விலகும் வேகத்தை அளக்க அணு நிறமாலை வேண்டும்; ஆகவே அண்டவியலுக்குள் அணு இயற்பியலிலிருந்து ஒரு சான்று அம்பு நுழைகிறது. பெரும்பாலான படங்களில் இந்த வகையே இருப்பதில்லை. அது இல்லாத வரைபடம் அரைகுறைதான், ஏனென்றால் ஒரு கோட்பாட்டை நம்புவதற்கான காரணம் அந்த வழியில்தான் வருகிறது.

வகைக்கு ஒரு நிறம். எல்லை அம்புகளை மட்டும் பின்தொடர்ந்தால் சுற்று வரக் கூடாது. உட்பொருள் அம்புகளுக்கும் அப்படியே. வந்தால் எங்கோ பிழை. ஆனால் இரண்டு நிறங்கள் சேர்ந்து சுற்று வரலாம். குவாண்டம் இயந்திரவியலிலிருந்து செவ்வியல் இயந்திரவியலுக்கு எல்லை அம்பு போகிறது. செவ்வியலிலிருந்து குவாண்டத்துக்கு உட்பொருள் அம்பு திரும்பி வருகிறது, ஏனென்றால் அமைப்பின் ஆற்றலைத் தரும் ஹாமில்டோனியனை நாம் செவ்வியல் வடிவத்தில் எழுதி, உந்தத்தின் இடத்தில் ஒரு கணிதச் செயலியைப் போடுகிறோம். இரண்டு அம்புகளும் உண்மை, இரண்டும் வேண்டும்.

எல்லை அம்புக்கு எண் எழுதுவது

"ஒளிவேகம் முடிவிலியை நெருங்கினால் நியூட்டன் கிடைப்பார்" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அட்டையில் அப்படி எழுதாதீர்கள். ஒளிவேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். அது எதையும் நெருங்குவதில்லை. மாறுவது பொருளின் வேகம். எனவே வேகம் ÷ ஒளிவேகம் என்ற விகிதத்தை எழுதுங்கள், அதன் இருபடியை எழுதுங்கள், பிறகு எவ்வளவு துல்லியம் தேவை என்றும் எழுதுங்கள். விரிதாளில் இவற்றுக்குத் தனித்தனிப் பத்தி வேண்டும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோளை வைத்து ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள். அதன் வேகம் நொடிக்குச் சுமார் 3.87 கி.மீ. விகிதம் 1.3 × 10⁻⁵. இருபடியில் பாதி 8.3 × 10⁻¹¹. ஒரு நாளின் 86,400 நொடியால் பெருக்கினால் 7 மைக்ரோ நொடி: வேகத்தால் கடிகாரம் அவ்வளவு பின்தங்கும். உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் பொதுச் சார்பியல் கணக்கில் அது நாளுக்குச் சுமார் 45 மைக்ரோ நொடி முந்தும். நிகரமாக 38 மைக்ரோ நொடி முந்துகிறது. ஒளி அந்த நேரத்தில் கடக்கும் தூரம் 11 கி.மீ.க்கு மேல். ஆயிரம் கோடியில் ஏறக்குறைய நான்கு பங்கு என்ற விலகல் இருப்பிடம் காட்டும் வேலையைக் கெடுக்கப் போதும். அதே விலகல் ஒரு பாலத்தின் கணக்கில் எந்த மாற்றமும் செய்யாது. அம்பு "உடைகிறதா" என்பது இயற்கை மட்டும் சொல்லும் விஷயம் இல்லை; நம் கேள்வியின் துல்லியமும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

பொதுச் சார்பியலிலிருந்து நியூட்டன் ஈர்ப்புக்குப் போகும் அம்பின் எண்: ஈர்ப்பு மாறிலி × நிறை ÷ (தூரம் × ஒளிவேகத்தின் இருபடி). பூமியின் மேற்பரப்பில் இது 7 × 10⁻¹⁰. சூரியனின் மேற்பரப்பில் 2 × 10⁻⁶. நியூட்ரான் விண்மீனில் ஏறக்குறைய 0.2. சுழலாத கருந்துளையின் விளிம்பில் 0.5. இந்த நான்கு மதிப்புகளை அம்பின் பக்கத்திலேயே எழுதி வைத்தால், நியூட்டன் எங்கே கைவிடுவார் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

ஒரு பொறி இருக்கிறது. எண் சிறியது என்பதால் விளைவும் சிறியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புதன் கோளுக்கு அந்த எண் 2.6 × 10⁻⁸ மட்டுமே. ஒரு சுற்றுக்கு அதன் சூரிய அண்மைப்புள்ளி பொதுச் சார்பியலால் கூடுதலாக நகர்வது 0.1 வில்நொடி. ஆனால் அந்த நகர்வு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகிறது. நூறு ஆண்டில் புதன் 415 சுற்று முடிக்கும். கணக்கு 43 வில்நொடிக்கு வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வானியலாளர் லெவெரியே இந்த முரண்பாட்டைக் கவனித்துவிட்டார். எனவே ஒவ்வோர் எல்லை அம்பிலும் "சேருமா, சேராதா" என்று ஒரு குறி போடுங்கள். காலத்தோடு சேரும் விலகல் என்றால் சிறிய எண்ணை நம்ப முடியாது.

மெதுவாகச் சரிந்து இறங்காத எல்லைகள்

எல்லா எல்லை அம்பும் மெதுவாகச் சரிந்து இறங்குவதில்லை. வேக விகிதம் சுழியாகும்போது சார்பியல் சூத்திரம் நியூட்டன் சூத்திரமாக உறுத்தலின்றி மாறுகிறது. டெய்லர் தொடராக விரித்து உறுப்பு உறுப்பாகப் பார்க்கலாம். குவாண்டத்திலிருந்து செவ்வியலுக்குப் போகும் அம்பில் இது நடக்காது. அலைச்சார்பின் கட்டம் என்பது செயல் (action) என்ற அளவை, குறுக்கிய பிளாங்க் மாறிலியால் வகுத்தது; அதாவது மாறிலி பின்னத்தின் கீழே இருக்கிறது. பிளாங்க் மாறிலியை ஒப்பிடச் செயல் பெரிதாகப் பெரிதாகக் குறுக்கீட்டு வரிகள் மேலும் மேலும் நெருங்குமே தவிர மறையாது. அவை மறைய வேண்டுமென்றால் இன்னொரு காரணம் வேண்டும்: காற்று மூலக்கூறும் வெப்பக் கதிரும் பொருளோடு மோதி அதன் கட்டத் தொடர்பைக் கலைப்பது. ஆகவே இந்த அம்பின் வால் இரண்டாகப் பிரிய வேண்டும், ஒரு கிளை குவாண்டம் இயந்திரவியலிலிருந்து, மற்றொன்று சூழலோடான இடைவினையிலிருந்து. ஒற்றை அம்பு போட்டு "பிளாங்க் மாறிலி சுழியாகும்போது" என்று எழுதுவதுதான் இந்தத் துறை வரைபடங்களில் அதிகம் காணப்படும் பிழை.

புள்ளியியல் இயந்திரவியலிலிருந்து வெப்ப இயக்கவியலுக்குப் போகும் அம்பும் இதே இனம். நீர் கொதிக்கும் இடத்தில் வரும் கணிதக் கூர்முனை, துகள் எண்ணிக்கை முடிவிலி ஆனால்தான் கிடைக்கும். எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது வரம்புக்குட்பட்டது என்றால் வளைகோடு வழவழப்பாகவே இருக்கும். ஒரு டம்ளர் நீரில் 10²⁴-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் இருப்பதால் அந்த வழவழப்பைக் கண்டறிய முடியாது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட அம்புகளை இரட்டைக் கோட்டால் வரையுங்கள்.

இன்னொரு வகைச் சிக்கல், ஓர் எல்லை இரண்டாகப் பிரிவது. மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் வேகம் குறைவு என்று மட்டும் சொன்னால் ஒரே விடை வராது. லெபெல்லாக், லெவி-லெப்லோன் இருவரும் 1973-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். மின்புலம் மேலோங்கினால் ஓர் எல்லை, மின்தேக்கியில் இதுதான். காந்தப்புலம் மேலோங்கினால் இன்னோர் எல்லை. அங்கே இடப்பெயர்ச்சி மின்னோட்டம் விழுந்துவிடுகிறது, மின்மாற்றிக் கணக்கு அதில்தான் நடக்கிறது. மின்சுற்றுக் கோட்பாட்டுக்குக் கணு வைத்திருப்பவர்கள் அதற்கு இரண்டு அம்புகள் கொண்டுவர வேண்டும்.

சில இடங்களில் பல அம்புகள் ஒரே கணுவில் வந்து சேரும். நேவியர்–ஸ்டோக்ஸ் பாய்மச் சமன்பாட்டுக்கு, வாயு மூலக்கூறுகளின் மோதலைக் கணக்கிடும் போல்ட்ஸ்மான் சமன்பாட்டிலிருந்து ஓர் எல்லை அம்பு உண்டு. அதன் எண் சராசரி மோதலிடைத் தூரம் ÷ கருவியின் அளவு. சாதாரண அழுத்தத்தில் காற்றுக்கு மோதலிடைத் தூரம் ஏறக்குறைய 70 நானோ மீட்டர். எனவே ஒரு மில்லிமீட்டர் குழாயில் பாய்மச் சமன்பாடு நன்றாக நடக்கும்; அரை மைக்ரான் இடுக்கில் நடக்காது. ஆனால் அந்த அம்பு அடர்த்தி குறைந்த வாயுவுக்குத்தான். தண்ணீருக்கும் அதே சமன்பாடுதான் என்றாலும் போல்ட்ஸ்மான் வழியில் அது கிடைப்பதில்லை. உந்தம், ஆற்றல், நிறை ஆகியவற்றின் அழிவின்மையிலிருந்தும் சமச்சீர்மையிலிருந்தும் வடிவம் வருகிறது, பாகுநிலை எண்ணை மட்டும் அளந்து போடுகிறோம். "பாய்மவியல் அணுக்கோட்பாட்டைச் சார்ந்தது" என்ற வாக்கியத்துக்குள் இவ்வளவு வேறுபாடு ஒளிந்திருக்கிறது.

முழுதாக ஓர் உதாரணம்: சந்திரசேகர் வரம்பு

சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போன சந்திரசேகர் வழியில் போட்ட கணக்கு, இந்த வேலைக்கு மிக நல்ல பயிற்சி. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ளன் விண்மீனுக்கு ஓர் உச்ச நிறை உண்டு என்பது அதன் விடை. அதை மையத்தில் வைத்து அம்புகளை ஒவ்வொன்றாக வரைவோம்.

முதலில் அழுத்தம். எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாது என்ற பவுலி விலக்கத்தால், குளிர்ந்த விண்மீனும் அழுத்தம் கொடுக்கிறது. 1926-இல் இயற்பியலாளர் ஃபவுலர் இதை வெண்குள்ளனுக்குப் பயன்படுத்தினார். ஃபெர்மி–டிராக் புள்ளியியலிலிருந்து ஓர் உட்பொருள் அம்பு. அழுத்தம் அடர்த்தியின் 5/3 அடுக்காக ஏறுகிறது. எந்த நிறைக்கும் ஒரு சமநிலை ஆரம் கிடைத்துவிடுகிறது. வரம்பு எதுவும் வரவில்லை.

ஃபவுலர் கணுவுக்குள் ஓர் எல்லை அம்பு மறைந்திருக்கிறது: எலக்ட்ரான்களின் உச்ச உந்தம் ÷ (எலக்ட்ரான் நிறை × ஒளிவேகம்) என்ற எண் ஒன்றை விடச் சிறியதாக இருக்க வேண்டும். கன மீட்டருக்குச் சுமார் 2 × 10⁹ கிலோ அடர்த்தியில் அந்த எண் ஒன்றைத் தொடுகிறது. வெண்குள்ளன்களின் மையம் இதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே அந்த அம்பு உடைந்து, சிறப்புச் சார்பியலிலிருந்து நேரடியாக ஓர் உட்பொருள் அம்பு வர வேண்டும். உடனே 5/3 என்ற அடுக்கு 4/3 ஆகக் குறைகிறது. 4/3 அடுக்கில் அழுத்தமும் ஈர்ப்பும் ஆரத்தோடு ஒரே மாதிரி ஏறுவதால் ஆரம் கணக்கிலிருந்து விழுந்துவிடும்; ஒரே ஒரு நிறைதான் மிஞ்சும்.

அந்த நிறையைப் போட்டுப் பாருங்கள். குறுக்கிய பிளாங்க் மாறிலி × ஒளிவேகம் ÷ ஈர்ப்பு மாறிலி என்பதன் வர்க்கமூலம் 2.18 × 10⁻⁸ கிலோ. அதன் முப்படியைப் புரோட்டான் நிறையின் இருபடியால் வகுத்தால் 3.7 × 10³⁰ கிலோ, சூரியனைப் போல் 1.85 மடங்கு. ஓர் எலக்ட்ரானுக்கு இரண்டு அணுக்கருத் துகள்கள் என்ற கலவையையும் சமநிலைச் சமன்பாட்டின் கெழுவையும் சேர்த்தால் பெருக்கு எண் 0.77 ஆகிறது. விடை 1.43 சூரிய நிறை. கலவை என்பது அணுக்கரு இயற்பியலிலிருந்து வரும் எண் அம்பு. அதை மறந்தால் விடை நான்கு மடங்கு பிசகும்.

இப்போது ஈர்ப்பு. எந்தக் கணுவிலிருந்து அம்பு வர வேண்டும், நியூட்டனா, பொதுச் சார்பியலா? முன்பு எழுதிய எண்ணைப் போட்டுப் பார்த்தால் சிரியஸ் பி விண்மீனுக்கு ஏறக்குறைய 2.5 × 10⁻⁴ வரும். நியூட்டன் போதும் என்று தோன்றும், பெரும்பாலும் அது சரியும்கூட. வரம்பை நெருங்கும் விண்மீனில் மட்டும் கவனம் வேண்டும்: 4/3 அடுக்கு என்பது விழவா நிற்கவா என்ற விளிம்பு. அந்த விளிம்பில் பொதுச் சார்பியலின் சிறு திருத்தமும் நிலையைக் கவிழ்க்கும். புதன் விஷயத்தில் சிறிய எண் காலத்தால் பெரிதானது; இங்கே சமநிலையின் மெலிவால் பெரிதாகிறது. சேருமா என்ற குறிக்குப் பக்கத்திலேயே "விளிம்பா" என்ற குறியும் போடுங்கள்.

1935 ஜனவரியில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் வானியலாளர் எடிங்டன் இந்த முடிவை எதிர்த்தார். வரைபடத்தில் பார்த்தால் அவர் மறுத்தது ஓர் அம்பைத்தான்: சிறப்புச் சார்பியலை ஃபெர்மி–டிராக் வாயுவோடு அப்படிச் சேர்க்கலாம் என்பதை. ஈர்ப்பு அம்பிலோ எண்கணக்கிலோ அவருக்குச் சண்டை இல்லை. ஒரு கருத்து மோதல் எந்த அம்பில் நிற்கிறது என்று சுட்டிக்காட்ட முடிவதே இந்த உழைப்பின் பெரிய பலன்.

இன்னொன்று. இந்தச் சூத்திரத்தில் பிளாங்க் மாறிலி, ஒளிவேகம், ஈர்ப்பு மாறிலி மூன்றும் இருக்கின்றன. அதனால் இது குவாண்டம் ஈர்ப்பு ஆகிவிடாது. முதல் இரண்டும் எலக்ட்ரான் அழுத்தம் வழியாக நுழைந்தன, மூன்றாவது நியூட்டனின் சாதாரண விசை வழியாக நுழைந்தது. ஈர்ப்புப் புலத்தை யாரும் குவாண்டமாக்கவில்லை. மாறிலி எந்தக் கணு வழியாக வந்தது என்று பார்க்காமல், சூத்திரத்தில் இருக்கும் எழுத்துகளை எண்ணி இடம் ஒதுக்கக் கூடாது.

கனசதுரமும் அதன் போதாமையும்

இந்த மூன்று மாறிலிகளை மூன்று அச்சாக வைத்துக் கோட்பாடுகளை எட்டு மூலைகளில் நிறுத்தும் கனசதுரம் பலருக்குத் தெரிந்திருக்கும். 1930-களில் சோவியத் இயற்பியலாளர் மத்வெய் பிரான்ஸ்டைன் எழுதியவற்றோடு அது இணைத்துப் பேசப்படுகிறது. முதல் எலும்புக்கூடாக அது நல்லது. நியூட்டன் ஈர்ப்பும் குவாண்டமும் மட்டும் சேரும் மூலை வெற்றிடம் என்று சிலர் நினைப்பார்கள். 1975-இல் கொலெல்லா, ஓவர்ஹவுசர், வெர்னர் மூவரும் நியூட்ரான் அலையின் கட்டம் பூமியின் ஈர்ப்பால் மாறுவதை அளந்தது அந்த மூலையில்தான் உட்காரும்.

அதில் இல்லாதவையும் நிறைய. துகள் எண்ணிக்கைக்கு அச்சு இல்லை, எனவே வெப்ப இயக்கவியலுக்கு இடமில்லை. ஆற்றல் அளவுக்கு அச்சு இல்லை, எனவே ஃபெர்மியின் பீட்டாச் சிதைவுக் கோட்பாடும் மின்வலுக்குறை கோட்பாடும் ஒரே மூலையில் முட்டிக்கொள்ளும். உண்மையில் அவற்றுக்கிடையே தெளிவான எல்லை அம்பு இருக்கிறது. அதன் எண் (ஆற்றல் ÷ டபிள்யூ துகளின் நிறை) என்பதன் இருபடி. டபிள்யூ நிறை 80.4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். நியூட்ரான் சிதைவில் வெளிப்படுவது 0.78 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இருபடி எடுத்தால் 10⁻¹⁰. அந்தத் துகளை 1983-இல் செர்ன் ஆய்வுக்கூடம் கண்டறிவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஃபெர்மியின் கோட்பாடு சரியாக வேலை செய்ததன் காரணம் இந்த ஒரே எண்ணில் இருக்கிறது. இதே ஜோடிக்கு எண் அம்பும் உண்டு, ஃபெர்மி மாறிலியின் மதிப்பை மேல்கோட்பாடு தருகிறது.

குவாண்டம் நிறவியக்கவியலிலிருந்து அணுக்கருவுக்கு வரும் அம்பு இவ்வளவு சுத்தமாக இருக்காது. அங்கே சிறிய எண் எளிதில் கிடைப்பதில்லை. மேல், கீழ்க் குவார்க்குகளின் நிறைகளைக் கூட்டினால் புரோட்டானின் 938 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு சதவீதம் அளவுதான் வரும். மீதி குவார்க்குகளின் இயக்கத்திலும் குளுவான் புலத்திலும் உள்ள ஆற்றல். புரோட்டான் நிறையை, வெளியையும் நேரத்தையும் புள்ளிகளாக வெட்டும் வலைக்கண்ணி முறையில், கணினியில் கணக்கிட்டு எடுக்கிறார்கள். இப்படி எண்கணக்கால் மட்டும் நிற்கும் அம்புகளைப் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

வரைந்து முடித்ததும் அளக்கப்பட்ட ஓர் எண்ணை எடுத்து, அம்புகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போங்கள். லாம்ப் விலகல் நல்ல சோதனை. ஹைட்ரஜனின் இரண்டு மட்டங்கள் ஒரே ஆற்றலில் இருக்கும் என்று டிராக் சமன்பாடு சொன்னது. 1947-இல் அளந்தபோது இடையே ஓர் இடைவெளி இருந்தது, இன்றைய மதிப்பு சுமார் 1,058 மெகாஹெர்ட்ஸ். உங்கள் தாளில் ஹைட்ரஜனுக்கு டிராக் சமன்பாட்டிலிருந்து மட்டும் அம்பு வந்தால் இந்த எண்ணுக்கு வழியில்லை. குவாண்டம் மின்னியக்கவியலிலிருந்து ஓர் அம்பு வேண்டும். இன்னும் துல்லியமாகக் கேட்டால் புரோட்டானின் ஆரம் என்ற எண் அம்பும் வேண்டும்.

அடுத்த சோதனைக்கு ஹாக்கிங் வெப்பநிலை, அதாவது கருந்துளை வெளிவிட வேண்டிய கதிர்வீச்சின் வெப்பநிலை. சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு அது 6 × 10⁻⁸ கெல்வின். சூத்திரத்தில் போல்ட்ஸ்மான் மாறிலியோடு சேர்த்து நான்கு மாறிலிகளும் இருக்கும். அம்புகள் பொதுச் சார்பியலிலிருந்தும் குவாண்டம் புலக் கோட்பாட்டிலிருந்தும் வர வேண்டும், வளைந்த வெளிநேரம் குவாண்டமாக்கப்படாத பின்னணியாக நிற்கிறது என்ற குறிப்போடு. சான்று அம்பு வரையாதீர்கள்: பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் 2.725 கெல்வினுக்கு நடுவில் இவ்வளவு குளிர்ந்த ஒளியை வானில் யாரும் அளந்ததில்லை.

கணினிக்கு மாற்றுவது

விரிதாளில் ஓர் அம்புக்கு ஒரு வரி: வால், தலை, வகை, எண்ணின் வரையறை, மாதிரி மதிப்பு, தேவைப்படும் துல்லியம், சேருமா, விளிம்பா, கோட்டின் வகை. இதிலிருந்து கிராஃப்விஸ் மென்பொருளுக்கு உரைக்கோப்பு எழுதினால் படம் தானாக அடுக்கப்படும். வகைக்கு ஒரு கோப்பு வையுங்கள். நான்கையும் சேர்த்த படத்தைச் சுவரில் மாட்டலாம், வேலைக்கு உதவாது.

கிராஃப்விஸோடு வரும் டிரெட் என்ற சிறு கருவி, சுற்றுவழி இருந்தால் நேர்வழி அம்பைத் தேவையற்றது என்று நீக்கிவிடும். இங்கே அதை ஓட்டாதீர்கள். குவாண்டம் இயந்திரவியலிலிருந்து குவாண்டம் மின்னியக்கவியல் வழியாக அணு அமைப்புக்கு ஒரு பாதை இருப்பதால், நேரடி அம்பை அது அழித்துவிடும். அணு அமைப்பின் பெரும்பகுதி அந்த நேரடி அம்பில்தான் நிற்கிறது.

உச்சியில் உள்ள கேள்விக்குறி

குவாண்டம் ஈர்ப்புக்குக் கணு வைக்கலாம். சரக் கோட்பாடு, வளையக் குவாண்டம் ஈர்ப்பு இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். அவற்றின் நிலை விவரிப்பே வேறு. அவற்றிலிருந்து பொதுச் சார்பியலுக்கு வரையும் அம்புகளில் எண்ணின் வரையறையை எழுதலாம்: ஆற்றல் ÷ பிளாங்க் ஆற்றல். பிளாங்க் ஆற்றல் 1.22 × 10¹⁹ ஜிகா எலக்ட்ரான் வோல்ட். செர்னின் பெரிய மோதுவியில் 2022-இல் தொடங்கிய மோதல்களின் ஆற்றல் 13,600 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். இடைவெளி ஏறக்குறைய 10¹⁵ மடங்கு. அதனால் மாதிரி மதிப்புப் பத்தியில் பரிசோதனையிலிருந்து எடுத்து எழுத எதுவும் இருக்காது. அந்தப் பத்தியை வெறுமையாக விட்டு, அம்பை விட்டுவிட்டு வரும் கோடுகளால் போடுங்கள். சான்று நிற அம்பு எதுவும் அந்தக் கணுக்களுக்குள் இன்னும் நுழையவில்லை என்பதும் தாளைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.